தூர்க்க வேண்டிய கிணறு

கிணறு வெட்டுவது அறம் என்று நம் முன்னோர் கருதினர். வெட்டிய கிணற்றைத் தூர்ப்பது பாவம் என்றும் சொல்லி வைத்தனர். ஆறு வற்றினாலும் ஏரி வறண்டாலும் கிணற்றை நம்பிப் பிழைக்கும் நாட்டில் அவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. எனினும், தூர்க்காமல் விடுவதே பாவம் என்று சொல்லத்தக்க கிணறு ஒன்றும் இக்காலத்தில் உண்டு. அதில் எவரும் குடம் விட்டு நீர் மொள்வதில்லை. கவலை பூட்டி இறைப்பதுமில்லை. அதன் வாய் ஒரு சாண் அகலங்கூட இராது. பெட்ரோல் விற்பனை நிலையங்களில், தரைக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றித் துளைக்கப்படும் கண்காணிப்புக் கிணறே அது. அஃது எதற்காகத் தோண்டப்படுகிறது, அதன் பணி எப்போது முடிகிறது, முடிந்தபின் அதனை எவ்வாறு மூடவேண்டும் என்பவற்றை இப்பேச்சில் காண்போம்.

இதனை விளக்குவதற்குச் செஞ்சி நகரை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். செஞ்சி என்றதும் கோட்டையும் தேசிங்கு ராஜனும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ராஜகிரி முதலிய மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்துக் கட்டிய அக்கோட்டையை 1677ஆம் ஆண்டில் சிவாஜி கைப்பற்றினார். 1690ஆம் ஆண்டில் முகலாயப் படைத்தலைவர் சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார்; 1698ஆம் ஆண்டில்தான் அவரால் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. மராட்டியப் போர்க்களக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது.

மதில் எவ்வளவு உயர்ந்ததாயினும், குடிக்க நீர் இல்லாத கோட்டை நெடுநாள் நிற்பதில்லை. செஞ்சியைக் கட்டியவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். சக்கரக்குளம், செட்டிகுளம், ஆனைக்குளம் என்று கோட்டைக்குள்ளே அவர்கள் நீரைத் தேக்கி வைத்தனர். கலியாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவந்தனர். பாறை மிகுந்த நாட்டில் நீர் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்த நீரைக் காப்பதும் எளிதன்று. இவ்வுண்மை அன்று கோட்டைக்குள் வாழ்ந்த படைக்குப் பொருந்தியது போலவே, இன்று கோட்டைக்கு வெளியே வாழும் ஊருக்கும் பொருந்தும்.

செஞ்சிக் குன்றுகளில் உருண்டும் பிளந்தும் கிடக்கும் பாறைகளைக் கண்டவர்கள், அப்பாறை தரையோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணலாகாது. வயல்களுக்கும் தெருக்களுக்கும் அடியிலும் அதே வகைக் கடினப் பாறைதான் தொடர்கிறது. மேலே சிறிது மண். அதன்கீழ் வெயிலாலும் மழையாலும் சிதைந்து நொறுங்கிய பாறை. அதற்கும் கீழே உறுதியான பாறை. உறுதியான பாறைக்குள் நீர் தங்க இடமில்லை. ஆனால் அப்பாறையில் வெடிப்புகள் உண்டு. மழைநீர் சிதைந்த பாறையில் ஊறித் தங்குகிறது. பின்னர் வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் தேடுவது இவ்வெடிப்புகளையே. வெடிப்பைத் தொட்ட துளையில் நீர் பீறிடும். பத்தடி தள்ளித் தோண்டிய துளையில் புழுதியே பறக்கும். இதனை நம் உழவர்கள் பணத்தைச் செலவிட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை செஞ்சி வழியே செல்கிறது. நெல் மூட்டைகளை ஏற்றிய லாரிகளும் பேருந்துகளும் ஓயாது செல்லும் இத்தகைய சாலைகளில் பெட்ரோல் நிலையங்கள் இன்றியமையாதவை. பேச்சு வழக்கில் அவற்றைப் பெட்ரோல் பங்க் என்கிறோம். அங்கே நம் கண்ணுக்குத் தெரிவது எண்ணெய் ஊற்றும் பொறி மட்டுமே. எண்ணெய் இருப்பதோ நம் காலுக்கு அடியில், மண்ணுக்குள் புதைக்கப்பட்ட பெரிய தொட்டிகளில். தொட்டியிலிருந்து பொறிக்குச் செல்லும் குழாய்களும் மண்ணுக்குள்ளேயே செல்கின்றன. எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் அதனைப் புதைத்து வைப்பது பாதுகாப்பு. ஆனால், புதைத்து வைத்த பொருளில் ஏற்படும் பழுதும் புதைந்தே கிடக்கும். இரும்பு துருப்பிடிக்கலாம், குழாயின் இணைப்பு தளரலாம். நாளொன்றுக்குச் சில லிட்டர் கசிந்தால், ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் நிலையத்தில் அந்தக் குறை கணக்கில் எளிதில் அகப்படாது.

கசிந்த பெட்ரோல் மண்ணின் வழியே கீழே இறங்கும். நிலத்தடி நீரை அடைந்ததும், நீரைவிட இலேசானதாதலால், அதன்மேல் படலமாக மிதக்கும். மிதப்பது மட்டும் என்றால் கேடு சிறிதே. பெட்ரோலில் பென்சீன், டொலுவீன் முதலிய பொருள்கள் உள்ளன. அவை சிறுகச் சிறுக நீரில் கரைகின்றன. இவற்றுள் பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் இப்போது விற்கப்படும் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குவரை இருக்கலாம். அப்படியாயின் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லிலிட்டர் பென்சீன். அதன் எடை ஏறத்தாழ 8.8 கிராம். இது முழுவதும் நீரில் கரைந்தால், எட்டு இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்து விடும். உண்மையில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். மற்றொரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆயினும், ஒரு லிட்டர் தானே என்று அசட்டையாக இருக்க இடமில்லை என்பது இக்கணக்கால் விளங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவைக் காண்பதற்காக நிலத்தில் திறந்து வைத்த கண்ணே கண்காணிப்புக் கிணறு. அதன் அமைப்பு எளியது. நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழ்வரை துளையிட்டு, ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயை அதனுள் இறக்குவார்கள். குழாயின் கீழ்ப்பகுதியில் மெல்லிய கீற்றுகள் வெட்டப்பட்டிருக்கும். அதன் வழியே நீர் உள்ளே வரும், மண் வராது. பெட்ரோல் மிதக்கும் பொருள் அல்லவா? ஆகவே அந்தச் சல்லடைப் பகுதி நீர்மட்டத்திற்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் மிதக்கும் படலம் குழாய்க்கு வெளியிலேயே நின்றுவிடும். சல்லடையைச் சுற்றிப் பருமணல் இடுவார்கள். அதற்குமேல் பென்டோனைட் என்னும் களிமண்ணையும், அதற்கும்மேல் சிமென்ட் குழம்பையும் இட்டு, குழாய்க்கும் துளைக்கும் உள்ள இடைவெளியை அடைப்பார்கள். பென்டோனைட், நீர் பட்டால் பலமடங்கு உப்பும் இயல்புடையது. உப்பி எல்லா இடுக்கையும் நிரப்பிக்கொள்ளும். உச்சியில் பூட்டுள்ள மூடி ஒன்று இருக்கும்.

ஒரே கிணறு போதுமா? போதாது. நிலத்தடி நீரும் ஆற்றைப்போல ஒரு திசை நோக்கி நகர்வது. நகரும் வேகந்தான் மிகக் குறைவு. அத்திசையை அறிய மூன்று கிணறுகளாவது முக்கோணமாக அமைய வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால், நீர்ப்பரப்பு எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பது கணிதத்தால் தெரியும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை வரையறுக்கும் என்று வடிவியல் வகுப்பில் படித்தது இங்கே பயன்படுகிறது. தொட்டிக்கு மேற்புறமுள்ள கிணற்றில் நீர் தூயதாயிருந்து, கீழ்ப்புறக் கிணற்றில் பென்சீன் தென்பட்டால், குற்றம் நடுவிலுள்ள தொட்டியினுடையது என்று துணியலாம்.

எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ் மக்கள் வாழும் இரண்டு ஊர்கள் சான்றாக உள்ளன. 2013ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து எண்ணெய் கலந்த நீர் வந்தது. நிலத்துக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவே அதற்குக் காரணம். கிணறுகளிலிருந்து எண்ணெயை இறைத்து அகற்ற வேண்டியதாயிற்று. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலோ, டீசலால் இயங்கிய மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் முறையிட்டனர். இலங்கை உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்திற்கு ஆணையிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நீரே அம்மக்களின் உயிர். கிணறு கெட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

தண்டையார்பேட்டையின் நிலம் கடற்கரையை ஒட்டியது. அங்கே மணல் மிகுதி. சுன்னாகத்தின் நிலம் சுண்ணாம்புப் பாறை. செஞ்சியின் நிலம் கடினப் பாறை. மூன்றிலும் மாசு பரவும் முறை வேறு வேறு. மணலில் நீர் எல்லாப் பக்கமும் மெல்லப் பரவுகிறது. ஒவ்வொரு மணற் பருக்கையின் மேலும் நுண்ணுயிர்கள் குடியிருந்து, மாசை ஓரளவு தின்கின்றன. கடினப் பாறையிலோ நீர் வெடிப்புகளில் மட்டுமே ஓடுகிறது. அங்கே நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள இடம் குறைவு. மாசும் விரைந்து செல்லும். அது செல்லும் திசையை நிர்ணயிப்பது நிலத்தின் சரிவு மட்டும் அன்று. வெடிப்பு ஓடும் திசையுமாகும். பக்கத்து வீட்டுக் கிணறு தப்பிவிட, நெடுந்தொலைவிலுள்ள வயற்கிணறு கெட்டுப்போவதும் நேரலாம். ஆகவே, செஞ்சி போன்ற ஊரில் மேலே உள்ள மாசைக் கீழே உள்ள வெடிப்பினுள் இறங்கவிடாமல் காப்பதே முதற்கடமை. கண்காணிப்புக் கிணற்றை மூடும் முறை இங்கேதான் பெருமுக்கியத்துவம் பெறுகிறது.

செஞ்சிச் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையம் இருந்ததாகக் கற்பனை செய்துகொள்வோம். தொட்டி கசிந்தது, கண்டுபிடித்தார்கள், தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள், எண்ணெய் ஊறிய மண்ணையும் அகற்றினார்கள். நிலையம் மூடப்பட்டது. நிலத்தின் உடைமையாளர் அதனை விற்க விரும்புகிறார். நடுவே நான்கு கண்காணிப்புக் கிணறுகள் நிற்கின்றன. அவற்றை எப்போது மூடலாம்?

இங்கே இருவகைப் பிழைகள் நேரக்கூடும். ஒன்று, உரிய காலத்திற்கு முன்பே மூடிவிடுவது. ஒருமுறை எடுத்த நீர் மாதிரி தூயதாயிருந்தது என்பதைக் கொண்டு மூடிவிட்டால், நோயாளி எழுந்து நடக்குமுன்னே மருத்துவரை அனுப்பிவிட்டதற்கு ஒப்பாகும். நீர்மட்டம் கோடையில் தாழும். வடகிழக்குப் பருவமழைக்குப்பின் உயரும். தாழ்ந்த காலத்தில் மேலே பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த எண்ணெய், நீர் உயரும்போது மீண்டும் கரைந்து வரலாம். ஆதலால் கோடை, மழை ஆகிய இருபருவங்களிலும், தொடர்ந்து பலமுறை சோதித்த நீர் தூயதாயிருக்க வேண்டும். இன்னுமொரு செய்தியையும் கருத வேண்டும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்குவரை கலக்கப்படுகிறது. எத்தனால் நுண்ணுயிர்களுக்கு எளிய உணவு. அதனைத் தின்று தீர்க்கும் முயற்சியில் அவை நீரிலுள்ள உயிர்வளியைச் செலவழித்து விடுகின்றன. அதனால் பென்சீன் அழியாமல் நெடுந்தொலைவு செல்லக்கூடும். எனவே பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும். முடிவில், உரிய அதிகாரிகளின் எழுத்து மூலமான இசைவைப் பெற்ற பின்னரே மூடத் தொடங்க வேண்டும். ஆகவே, தொட்டி முதலில், மண் அடுத்து, கிணறு கடைசியில் என்பதே முறை.

மற்றொரு பிழை, மூடாமலே விட்டுவிடுவது. இதுவே பெரிதும் நேர்வது. ஆட்கள் போய்விடுவார்கள், பூட்டுத் துருப்பிடிக்கும், மூடி லாரிச் சக்கரத்தில் நொறுங்கும். சாலையில் வழிந்த எண்ணெயை அள்ளிக்கொண்டு மழைநீர் அத்துளைக்குள் பாயும். மேல்மண்ணும் சிதைந்த பாறையும் வடிகட்டிகளாக நின்று தடுத்திருக்கும் அழுக்கு, தடையின்றி ஒரே பாய்ச்சலில் வெடிப்பை அடையும். நீரைக் காக்கத் திறந்த கண்ணே, நீரைக் கெடுக்கும் வாயாக மாறிவிடும். அமெரிக்காவில் எண்ணெய்த் தொட்டியின் வாய் என்று தவறாக எண்ணி, கண்காணிப்புக் கிணற்றுக்குள்ளேயே எண்ணெய் ஊற்றிய விபத்துகளும் நேர்ந்ததுண்டு. அதனால் அங்கே கண்காணிப்புக் கிணற்று மூடியின்மேல் கருநிற முக்கோணம் ஒன்றை அடையாளமாக வரைவது வழக்கமாயிற்று. 1984ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் நிலத்தடித் தொட்டிகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அன்றுமுதல் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கசிவுகள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன. கசிவைச் சோதிக்கத் தோண்டும் கிணறுகளையும் பின்னர் முறைப்படி மூடாவிட்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மூடும் முறையைக் காண்போம். முதலில் அக்கிணற்றின் பழைய குறிப்பைத் தேடி எடுக்க வேண்டும்: ஆழம் எவ்வளவு, குழாயின் அகலம் எவ்வளவு, சல்லடை எங்கே தொடங்குகிறது, எந்த ஆழத்தில் வெடிப்பு தென்பட்டது என்பன. பிறகு அளவு நாடாவை இறக்கி, குறிப்பிலுள்ள ஆழம் இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லோ மண்ணோ விழுந்திருந்தால் அதனை வெளியே எடுக்க வேண்டும். அடைப்பின்மேல் சிமென்ட் ஊற்றினால், அதன்கீழ் உள்ள பகுதி என்றென்றும் திறந்தே கிடக்கும். பெட்ரோல் ஆவி தங்கியிருக்கக் கூடுமாதலால், பணி முடியும்வரை அருகில் தீக்குச்சியும் தீப்பொறியும் நெருங்கலாகாது. ஆவியை அளக்கும் கருவியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, குழாயை உருவி எடுப்பதா, உள்ளேயே விட்டு நிரப்புவதா என்ற கேள்வி எழும். குழாயைச் சுற்றியிருக்கும் பழைய அடைப்பு உறுதியாக இருந்தால் உள்ளேயே விடலாம். ஐயம் இருந்தால், குழாயையும் அதனைச் சுற்றியுள்ள மணலையும் சேர்த்துத் துளையிட்டு அகற்றிவிட வேண்டும். குழாயின் உட்புறத்தை எவ்வளவு நன்றாக அடைத்தாலும், வெளிப்புறத்தில் மணலின் வழியே நீர் இறங்குமாயின் பயன் இல்லை.

நிரப்புவதற்கு ஏற்றது சிமென்டும் சிறிது பென்டோனைட்டும் நீரும் கலந்த குழம்பு. தனிச் சிமென்ட் உறையும்போது சற்றுச் சுருங்கும். பென்டோனைட் அச்சுருக்கத்தைக் குறைக்கும். இக்குழம்பை மேலிருந்து கொட்டுதல் கூடாது. கொட்டினால் அது நீரோடு கலந்து நீர்த்துப்போகும். அல்லது நடுவழியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடத்தை விட்டுவைக்கும். மெல்லிய குழாய் ஒன்றை அடிவரை இறக்கி, அதன் வழியே குழம்பைச் செலுத்த வேண்டும். அடியிலிருந்து குழம்பு உயர உயர, உள்ளிருந்த நீர் மேலே தள்ளப்படும். செலுத்தும் குழாயின் நுனி எப்போதும் குழம்புக்குள் அமிழ்ந்தே இருக்க வேண்டும். சாடியில் எண்ணெய் நிரப்பும்போது காற்று மேலே வருவதைப்போல, கிணற்றிலிருந்த நீர் முழுவதும் வெளியேறி, பின்னர்க் குழம்பே வாய்வழி வழியும். அப்போதுதான் நிரம்பிற்று என்று கொள்ளலாம். வெளியேறும் நீரைச் சாக்கடையில் விடாமல் பீப்பாயில் பிடித்து, சோதித்து, முறைப்படி அகற்ற வேண்டும்.

எவ்வளவு குழம்பு தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். பத்து சென்டிமீட்டர் அகலமும் பதினைந்து மீட்டர் ஆழமும் உள்ள குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 118 லிட்டர். 118 லிட்டர் செலுத்த வேண்டிய இடத்தில் 80 லிட்டரிலேயே நிரம்பிவிட்டால், உள்ளே எங்கோ வெற்றிடம் நிற்கிறது என்பது பொருள். 200 லிட்டர் செலுத்தியும் நிரம்பாவிட்டால், குழம்பு பாறை வெடிப்புக்குள் ஓடுகிறது என்பது பொருள். செஞ்சி போன்ற கடினப்பாறை நிலத்தில் இந்த இரண்டாம் நிலை எதிர்பார்க்கத்தக்கதே. வெடிப்பு முழுவதையும் சிமென்டால் நிரப்பிவிட்டால், அயலாரின் கிணற்றுக்குச் செல்லும் நல்ல நீரின் வழியும் அடைபடலாம். ஆகவே வெடிப்பு உள்ள ஆழத்தில் மட்டும் தூய பருமணலை இட்டு, அதற்கு மேலும் கீழும் குழம்பால் இறுக அடைப்பது முறை. மேலிருந்து கீழே நீர் இறங்கும் வழியை அடைக்க வேண்டும். பக்கவாட்டில் ஓடும் இயற்கை வழியைக் கெடுத்தல் ஆகாது.

ஒருநாள் கழித்துப் பார்த்தால் குழம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனை மீண்டும் நிரப்ப வேண்டும். பிறகு, தரைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் குழாயை வெட்டி, அதன்மேல் கான்கிரீட் இட்டு, மேற்பரப்பை முன்போலச் சமன் செய்துவிடலாம். பின்னாளில் அவ்விடத்தில் வீடு எழுந்தாலும் சாலை அமைந்தாலும் இடையூறு இராது.

கைவிட்ட துளைகளை மூடுவது பற்றி நம் நாட்டில் நெஞ்சை உலுக்கிய மற்றொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மணப்பாறைக்கு அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து மாண்டது. நாட்கணக்கில் நடந்த மீட்புப் பணிக்குக் கடினப் பாறை பெருந்தடையாயிற்று. இத்தகைய விபத்துகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே வழிமுறைகளை வகுத்திருந்தது. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கற்கள் முதலியவற்றால் நிரப்ப வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குழந்தை விழாமல் காக்க இது போதும். ஆனால், நீர் இறங்காமல் காக்க மணலும் கல்லும் போதா. அவற்றின் இடுக்குகளில் நீர் தாராளமாகச் செல்லும். எண்ணெய் நிலையத்துக் கிணறோ, மாசுபட்ட நிலத்துக் கிணறோ ஆனால், நீர் புகாத அடைப்பே வேண்டும். கால் தவறுவதைத் தடுக்கும் மூடல் ஒன்று. நீர் தவறுவதைத் தடுக்கும் மூடல் மற்றொன்று. இரண்டும் நமக்கு வேண்டுவனவே.

இறுதியாகச் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அது குறிப்பு எழுதி வைத்தல். கிணறு எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு ஆழம், எந்த நாளில், எந்தப் பொருளால், எத்தனை லிட்டர் இட்டு மூடப்பட்டது, கடைசி நீர்ச்சோதனையின் முடிவு யாது என்பவற்றை வரைபடத்தோடு எழுதி, உடைமையாளரும் அலுவலகமும் ஆளுக்கொரு படி வைத்திருக்க வேண்டும். நாளை அவ்விடத்தில் குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர் அதனைப் பார்த்தறிய வேண்டும். நான்கு கிணறுகளில் மூன்று மூடப்பட்டு, ஒன்று தார்ச்சாலைக்கு அடியில் மறைந்துபோனால், அந்த ஒன்று மூன்றின் உழைப்பையும் வீணாக்கிவிடும். காணாமற்போன கிணற்றை எவராலும் தூர்க்க முடியாது.

மாணவர்களே! கோட்டைக்குச் சுற்றுலா செல்லும்போது சக்கரக்குளத்தையும் செட்டிகுளத்தையும் கண்டு வருவீர்கள். அவற்றைக் கட்டியவர்கள் தங்கள் நீரைக் கண்ணெதிரே வைத்திருந்தார்கள். அழுக்குப் பட்டால் அன்றே அறிந்தார்கள். நம் காலத்து நீர் கண்ணுக்கு எட்டாத பாறை வெடிப்புகளில் இருக்கிறது. அதனை நாம் காண்பது சிறு துளைகளின் வழியேதான். காணவேண்டிய காலம்வரை அத்துளைகளைக் காத்து, கண்டு முடிந்தபின் அடியிலிருந்து நுனிவரை அடைத்து, அடைத்த செய்தியை எழுதியும் வைப்பவரே கடமையை முடித்தவராவார். உங்கள் ஊரில் பெட்ரோல் நிலையமோ தொழிற்சாலையோ மூடப்படும் செய்தியைக் கேட்டால், அங்கே கிணறுகள் எத்தனை இருந்தன, எத்தனை மூடப்பட்டன என்று கேளுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கிணறு வெட்டியவனுக்குப் புண்ணியம் என்ற முன்னோர் சொல்லை மறுக்க வேண்டுவதில்லை. வேலை முடிந்த கிணற்றை முறையாகத் தூர்த்தவனுக்கும் அப்புண்ணியத்தில் பங்குண்டு என்று சேர்த்துக்கொள்வோம்.